நாடகம் எழுதுதல் ஓர் உயர்கல்விப் பாடம்: தமிழ்க் கல்வி வரலாற்றில் ஏடும் அரங்கும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிலிருந்து லாபிஸ் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சிற்றூர் சாஆ. தோட்டங்களால் சூழப்பட்ட இவ்வூரின் தமிழ்ப்பள்ளி 'சந்துமான்' என்னும் அடைமொழியைத் தன் பெயரில் கொண்டுள்ளது. இம்மலாய்ச் சொல்லுக்கு இணைக்கப்பட்டது என்பது பொருள். தனித்தனியே இயங்கிய பள்ளிகள் ஒன்றாக்கப்பட்ட வரலாற்றை அப்பெயரே தாங்கி நிற்கிறது. பள்ளிகள் இணையும்போது மேசையும் நாற்காலியும் மாணவர் பதிவேடும் புதிய கட்டடத்திற்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. தோட்டத்துக் கோயில் திடலில் போடப்பட்ட மேடைக்கும் அம்மேடையில் பேசப்பட்ட தமிழுக்கும் அத்தகைய பதிவேடு எதுவும் இல்லை.

இத்தகைய ஊரில் பணியாற்றும் ஒரு தமிழாசிரியர் முதுகலை நிலையில் நாடகம் எழுதக் கற்க விரும்புகிறார் எனக் கொள்வோம். நாடகத்தைப் பற்றி எழுதுவதன்று, நாடகத்தையே எழுதுவது அவர் விருப்பம். அவருக்கு நம் தமிழ்க் கல்வி மரபு என்ன வழி காட்டுகிறது? இவ்வினாவை முன்வைத்து, நாடகம் எழுதுதல் உயர்கல்விப் பாடமாக வளர்ந்த வரலாற்றைத் தமிழ்ச்சூழலை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. எழுதுபவரே ஆசிரியராகவும், வகுப்பறைக்கு அருகே அரங்கு உள்ளதாகவும், வட்டாரத்தின் பேச்சுமொழிக்கு வகுப்பில் இடம் உள்ளதாகவும் அமைந்த இடங்களிலேயே இப்பாடம் வேரூன்றியது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

உலகப் பல்கலைக்கழகங்களில் நாடக எழுத்து

நாடகம் எழுதுதல் பிறவித் திறன், அதனைக் கற்பிக்க இயலாது என்னும் எண்ணம் பழமையானது. இதற்கு மாற்றாக எழுந்த தொடக்கக்கால முயற்சிகளுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நடத்திய வகுப்பாகும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவர் தொடங்கிய 'ஆங்கிலம் 47' என்னும் பாடத்தில் மாணவர்கள் நாடகம் எழுதினர். எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டுவது போதாது என்று உணர்ந்த பேக்கர், 1912இல் '47 பட்டறை' என்னும் அரங்கக் குழுவை அமைத்தார். அக்குழு மாணவர்களின் நாடகங்களை அழைக்கப்பட்ட பார்வையாளர்கள் முன் நடித்துக் காட்டியது. பார்வையாளர்கள் தம் கருத்துகளை எழுத்தில் தர வேண்டும் என்பது நிபந்தனை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யூஜின் ஓநீல் 1914-15ஆம் கல்வியாண்டில் இவ்வகுப்பில் பயின்றவர். தாமஸ் உல்ஃப் நாடகம் எழுத வந்து நாவலாசிரியராகப் புகழ்பெற்றார். எனவே, இவ்வகுப்பின் பயன் நாடகாசிரியர்களின் எண்ணிக்கையோடு முடிந்துவிடவில்லை.

எனினும், நாடக எழுத்துக்குப் பட்டம் வழங்குவதற்கும் முறையான அரங்கம் அமைப்பதற்கும் ஹார்வர்டு இசையவில்லை. பேக்கர் 1925இல் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்று அங்கு நாடகத் துறையை உருவாக்கினார். ஆசிரியரும் மாணவரும் இருந்தும் அரங்கம் இல்லாமையால் ஒரு பாடம் இடம்பெயர நேர்ந்தது என்பது நம் ஆய்வுக்கு முக்கியமான செய்தியாகும்.

இதே காலத்தில் மற்றொரு தடையும் நீங்கியது. அயோவா பல்கலைக்கழகம் 1922இல் படைப்பிலக்கியத்தையும் உயர்பட்டத்திற்குரிய ஆய்வேடாக ஏற்க முன்வந்தது. பிரிட்டனில் இம்மாற்றம் காலந்தாழ்ந்தே வந்தது. நாடகாசிரியர் டேவிட் எட்கர் 1989இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நாடக எழுத்துக்கென ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். பேக்கர் ஒரு பேராசிரியர்; எட்கர் மேடை அறிந்த நாடகாசிரியர். கற்பிப்பவர் யார் என்பதில் இவ்விரு முயற்சிகளும் வேறுபட்டாலும், எழுதியதை நடிகரின் வாயில் கேட்டுத் திருத்த வேண்டும் என்பதில் ஒன்றுபட்டன.

தமிழில் நாடக இலக்கண மரபு

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துக் காண்பது நம் மரபு. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடகத் தமிழ் நூல்களின் பெயர்களைத் தருகிறார். நூல்கள் முழுமையாகக் கிடைக்காத நிலையில் பெயர்களே நமக்கு எஞ்சின. எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழறிஞர்கள் நாடகத்தை மீண்டும் கல்விப் பொருளாக்க முனைந்தபோது இலக்கணத்திலிருந்தே தொடங்கினர்.

திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம்பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவிய இந்நூல் படிப்பதற்குரிய செய்யுள் நாடகமாக அமைந்தது. கல்லூரிகளில் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியதால், தமிழ் மாணவருக்கு நாடகம் என்பது முதலில் பதவுரை காண வேண்டிய செய்யுளாகவே அறிமுகமாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1897இல் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார். ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் ஆகிய நாடகங்களையும் அவர் எழுதினார். இலக்கணம் வகுத்தவரே இலக்கியமும் படைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஈழத்து அறிஞர் விபுலாநந்த அடிகள் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி', ஷேக்ஸ்பியரின் நாடகங்களை வடமொழித் தசரூபகத்தோடும் தமிழ் மரபோடும் இணைத்து நோக்கியது. உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என்னும் அதன் பகுப்பில் ஒரு பாடத்திட்டத்தின் அமைப்பை நாம் காணலாம்.

இதே காலத்தில், கல்லூரிகளுக்கு வெளியே வேறு வகையான நாடகக் கல்வி நடைபெற்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையில் எழுதியதை நடித்து, நடித்ததைத் திருத்தும் வழக்கம் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் குழு 1918இல் மதுரையில் தோன்றியது. இங்கெல்லாம் பட்டம் இல்லை, பாடநூலும் இல்லை. ஆனால், நாடகாசிரியர் நாள்தோறும் நடிகர்களோடு வாழ்ந்தார். இவ்வாறு, ஏடு கல்லூரியிலும் அரங்கு சபைகளிலும் பிரிந்து நின்றன. இப்பிரிவே இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாடகக் கல்வியின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

இலங்கை: பேராசிரியர் எழுதிய பேச்சுத்தமிழ்

இப்பிரிவைக் கடக்கும் முயற்சிகளுள் தொன்மையும் தொடர்ச்சியும் உடையது இலங்கைப் பல்கலைக்கழக மரபாகும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். பழந்தமிழ் வரிவடிவங்களில் தோய்ந்த அவர், நாடகம் எழுதும்போது யாழ்ப்பாணத்து மக்களின் பேச்சுத்தமிழைத் தேர்ந்தார். 1940இல் வெளிவந்த அவருடைய 'நானாடகம்', உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை என்னும் நான்கு நாடகங்களைக் கொண்டது. இவை பல்கலைக்கழக மாணவர்கள் நடிப்பதற்கென எழுதப்பட்டவை. பின்னர் 1952இல் 'இரு நாடகம்', 1956இல் வரலாற்று நாடகமான 'சங்கிலி' ஆகியன வெளிவந்தன.

பேச்சுமொழி கல்வித்தரத்தைக் குறைக்கும் என்னும் வாதத்திற்குக் கணபதிப்பிள்ளையின் பணி தக்க மறுமொழியாக அமைகிறது. மொழியியல் அறிவே வட்டாரப் பேச்சின் ஒழுங்கை அவருக்குக் காட்டியது. ஓர் உடையாரின் அதிகாரம் அவர் பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே உள்ளது. அப்பேச்சைச் செந்தமிழாக்கினால் அதிகாரமும் மறைந்துவிடும், நகையும் மறைந்துவிடும்.

அவருடைய மாணவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் வேறொரு வழியை மேற்கொண்டார். மட்டக்களப்பு முதலிய பகுதிகளின் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியன இவ்வகையில் உருவாயின. விடிய விடிய ஆடப்படும் கூத்தைக் குறுகிய நேரத்தில் நிகழும் நாடகமாக்குவதற்கு எதை விடுவது, எதை நீட்டுவது, பாத்திரத்தின் முரணை எங்கே கூர்மையாக்குவது என்பன ஆராயப்பட்டன. இவை அனைத்தும் நாடக எழுத்தின் வினாக்களே. புலவரும் அண்ணாவியாரும் மாணவரும் ஒரே களத்தில் இருந்தமையால் இவ்வினாக்களுக்கு ஆட்டத்திலேயே விடை தேட முடிந்தது. இம்மேடையில் இராவணனாக நடித்த சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைக் கல்வியை வளர்த்தார். நடிகர் ஆய்வாளராகவும், ஆய்வாளர் ஆசிரியராகவும் வளர்ந்த நிலை இது.

1970களின் பிற்பகுதியில் கொழும்பில் நடத்தப்பட்ட நாடகமும் அரங்கியலும் பட்டயப் படிப்பு, பணியிலிருந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது. அதில் பயின்ற குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் அரங்கேறி, போர்க்காலத் தமிழரின் துயரைப் பொதுமேடையில் பேசியது. நாடகமும் அரங்கியலும் இலங்கையின் உயர்தரப் பள்ளித் தேர்விலும் ஒரு பாடமாயிற்று. ஆசிரியருக்குப் பட்டயப் படிப்பு, பள்ளிக்குப் பாடம், பல்கலைக்கழகத்திற்கு மேடை என மூன்றும் இணைந்தமையால், பெரும் அழிவின் நடுவிலும் இம்மரபு அறுபடவில்லை.

தமிழகமும் புதுச்சேரியும்

இந்தியாவில் 1959இல் புது தில்லியில் தேசிய நாடகப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்குப் பயின்ற சே. இராமானுஜம் முதலியோர் தமிழகத்தில் புதிய நாடகக் கல்விக்கு வித்திட்டனர். 1977இல் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. எழுத்தாளர்களும் கல்லூரி ஆசிரியர்களும் உடற்பயிற்சியிலும் குரற்பயிற்சியிலும் ஈடுபட்ட நிகழ்வு அது. அதே ஆண்டில் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவினார். சிறுகதையாசிரியராகத் தொடங்கிய அவர், தெருக்கூத்தை நாடக மொழியின் ஊற்றாகக் கண்டார்.

தஞ்சாவூரில் 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் நாடகத்திற்கெனத் தனித்துறையைக் கொண்டது. இராமானுஜம் அங்குப் பணியாற்றினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நாடகப் பள்ளியை எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி உருவாக்கினார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இவர், நந்தன் கதை, ஔரங்கசீப் முதலிய நாடகங்களின் ஆசிரியர். 'இராமானுஜர்' நாடகத்திற்காக 1999ஆம் ஆண்டுக்குரிய சரஸ்வதி சம்மான் விருதைப் பெற்றவர். தமிழ்த்துறையிலிருந்து வந்த நாடகாசிரியர் ஒருவர் தமிழ்த்துறைக்கு வெளியே தனிப் பள்ளியை அமைத்தார் என்பது சிந்தனைக்குரியது. பட்டமில்லாக் குழுவில் சிறுவர்களைப் பயிற்றிய சுவாமிகளின் பெயர் முதுகலைப் பட்டம் வழங்கும் பள்ளிக்குச் சூட்டப்பட்டமை, பிரிந்து நின்ற ஏட்டையும் அரங்கையும் இணைக்கும் விருப்பத்தின் அடையாளமாகும்.

மலேசியச் சூழல்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. அத்துறைக்குத் தமிழ் நூல்கள் திரட்டுவதற்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திரட்டுக்கு எளிய மக்களும் நிதி வழங்கினர். தனிநாயகம் அடிகளார் 1961 முதல் 1969 வரை துறைத்தலைவராக விளங்கினார். 1966இல் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மொழி, இலக்கியம், வரலாறு, பண்பாடு ஆகியவற்றை ஆராயும் வலுவான மரபு இவ்வாறு உருவாயிற்று. இம்மரபில் நாடகம் ஆய்வுப்பொருளாகவே இடம்பெற்றது. படைக்கும் பயிற்சியாக வளரவில்லை. நாடகப் பனுவலின் கதைக்கோப்பையும் பாத்திரப்படைப்பையும் ஆராயும் மாணவர், ஒரு காட்சியை எழுதி நடிகரிடம் கொடுத்துப் பார்க்கும் நிலை உருவாகவில்லை.

நாட்டில் அரங்கக் கல்வி வேறிடங்களில் வளர்ந்தது. அறிவியல் பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகப் பண்பாட்டு மையம், 1994இல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கிப் பின்னர் அஸ்வாரா எனப் பெயர் பெற்ற நிறுவனம் ஆகியன மலாய், ஆங்கில நாடகத்திற்கு வழிவகுத்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த கிருஷன் ஜித், மலேசிய அரங்கின் முன்னணி இயக்குநராகவும் திறனாய்வாளராகவும் திகழ்ந்தார். 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்னும் கலைக்குழுவை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த கே. எஸ். மணியம், கெடாவின் பீடோங்கில் பிறந்தவர். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வை ஆங்கில நாடகங்களாக்கினார். தோட்டத்துத் தமிழரின் வாழ்க்கை உயர்கல்விச் சூழலிலிருந்து எழுந்த நாடகமாக முடியும் என்பதை அவர் மெய்ப்பித்தார். அவர்கள் பேசிய மொழியிலேயே அது நிகழ வேண்டும் என்பதே நமக்கு எஞ்சியுள்ள பணி.

இன்று எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடத்தில் கவிதை, நாவல் ஆகியவற்றோடு நாடகமும் பயிலப்படுகிறது. ஆசிரியர் அதனைக் கற்பிக்கிறார்; மாணவர் தேர்வெழுதுகிறார். ஆனால், அந்நாடகம் எவ்வாறு எழுதப்பட்டது, ஒரு வசனம் ஏன் அவ்விடத்தில் முடிகிறது, மேடையில் மௌனம் என்ன செய்கிறது என்பவற்றை எழுதிப் பார்த்து அறிந்த ஆசிரியர் எத்துணைப் பேர்? வகுப்பறையில் நாடகம் கதைச்சுருக்கமாகக் குறுகுவதற்கு ஆசிரியரைக் குறை கூறுதல் பொருந்தாது. அவருக்கு நாமும் அவ்வாறே கற்பித்தோம்.

சாஆவிலிருந்து வரும் மாணவர்

தொடக்கத்தில் கூறிய ஆசிரியரிடம் மீள்வோம். மலாயாத் தோட்டங்களில் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அரிச்சந்திரன் கதையும் நிகழ்த்தப்பட்டன. பின்னர்ச் சீர்திருத்த நாடகங்களும் மேடையேறின. இரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டதாலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கோயில் திடல் அரங்கைத் தாங்கிய சமூகம் சிதறியது. பால்மரம் சீவுதல், பிரட்டுக்களம், லயத்து வீடு, கங்காணி, கிராணி எனத் தொழிலோடு கலந்த சொற்கள் அகராதியில் சேரலாம். அச்சொற்களை யார் யாரிடம் எந்தத் தொனியில் கூறினர் என்பதை அகராதி காட்டாது. பிரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிடும்போது ஒருவர் தரும் விடையில் அச்சமும் எள்ளலும் ஒருங்கே இருக்கக்கூடும். அதனைப் பதிவு செய்யும் வடிவம் நாடகமே.

இத்தகைய மாணவர் ஒருவர் முதுகலைக்கு வருவாராயின், அவர் எழுதும் முழுநீள நாடகத்தையும் அதன் ஆக்கம் பற்றிய ஆய்வுரையையும் இணைத்து ஆய்வேடாக ஏற்கலாம் என்பது நம் முன்மொழிவு. களப்பணியில் மூத்தோரின் பேச்சைக் கேட்டுப் பதிதல், அரங்க மரபுகளைக் கற்றல், நாடகத்தைப் பலமுறை எழுதுதல், நடிகர்கள் வாய்விட்டுப் படிக்கக் கேட்டுத் திருத்துதல், இறுதியில் மக்கள் முன் நிகழ்த்துதல் என அப்படிப்பு அமையலாம். ஆய்வுரை இம்மாற்றங்களுக்கான காரணங்களை விளக்க வேண்டும். அந்நிகழ்வு கோலாலம்பூரில் மட்டுமன்றிச் சாஆ போன்ற ஊரின் பள்ளி மண்டபத்திலும் நடைபெற வேண்டும். பேக்கரின் பார்வையாளர்கள் எழுதித் தந்த கருத்துகளைப் போல அம்மக்களின் கருத்துகளும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும்.

இதற்கு மறுப்புகள் எழும். படைப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்பது முதல் மறுப்பு. அயோவா ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்ட வினா இது. தேர்வாளர் குழுவில் தமிழறிஞரோடு அரங்கக் கலைஞரும் இடம்பெறுவது இதற்கு ஒரு தீர்வாகும். பேச்சுமொழி ஆய்வேட்டில் இடம்பெறலாமா என்பது இரண்டாம் மறுப்பு. நாடகம் பாத்திரங்களின் மொழியிலும் ஆய்வுரை செந்தமிழிலும் அமைவதில் முரணில்லை. கற்பிப்போர் எங்கே என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே கடினமானது. தமிழ்த்துறை தனித்து இதனைச் செய்ய இயலாது. நாட்டிலுள்ள அரங்கக் கல்வி நிறுவனங்களோடும், புதுவை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகியவற்றின் அனுபவத்தோடும் கைகோத்தே இதனைத் தொடங்க முடியும்.

முடிவுரை

நாடகம் எழுதுதலைக் கற்பிக்க இயலும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. இலக்கணம் மட்டும் இருந்த காலத்தில் படிப்பதற்குரிய நாடகங்கள் தோன்றின. ஆசிரியரும் நடிகரும் வட்டார மொழியும் ஒன்றுகூடிய பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் தம்மை அடையாளங்கண்ட நாடகங்கள் பிறந்தன. மலேசியத் தமிழ்க் கல்வி ஆய்வு மரபைப் பெற்றுள்ளது. அதனோடு படைப்பு மரபையும் இணைக்க வேண்டிய காலம் இது. தோட்டத்து மேடைகளைக் கண்ட தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களின் குரலைக் கேட்டு எழுதக்கூடிய மாணவருக்கு இன்னும் சில ஆண்டுகளே வாய்ப்புண்டு. எளிய மக்கள் ஈந்த பொருளால் நூலகம் கண்ட துறை, அம்மக்களின் பேச்சையும் தன் நூலகத்தில் ஒரு நாடகமாகச் சேர்க்குமாயின், பெற்ற கடனில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தியதாக அமையும்.